இடதுபுறம் பதினோராவது கூரை

ஜூன் மாதப் பரீட்சையில் நான் பரீட்சை அதிகாரியை ஆற்றில் இறக்கிவிட்டேன். ஆறு ஓடுவது பெர்ன் நகரத்தில். பரீட்சை நடந்தது தில்லியில், கனாட் பிளேஸ் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில்.

அது ஜெர்மன் மாலை வகுப்பின் வாய்மொழித் தேர்வு. சுவிட்ஸர்லாந்தின் தலைநகரமான பெர்னில், ரயில் நிலையத்திலிருந்து, ஊர்க் கரடிகளை வைத்திருக்கும் கரடிக்குழி வரைக்கும் அதிகாரியை நடத்தி அழைத்துப் போக வேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இருவரும் உட்கார்ந்தபடியே நடப்போம். பதினைந்து நிமிடம். வரைபடம் கையில் இருக்கக் கூடாது. நடுநடுவே அவர், "இப்போது நமக்கு இடதுபுறம் என்ன இருக்கிறது?" என்று கேட்பார். சொல்ல வேண்டும்.

மணிக்கூண்டைத் தாண்டியதும் நான் அவரை இடதுபுறம் திருப்பினேன். இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாம் இருவரும் நனைந்துவிட்டோம்" என்றார்.

பழைய பெர்ன் நகரத்தை ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. இடதுபுறம் போனாலும் ஆறு, வலதுபுறம் போனாலும் ஆறு. நேராகப் போகத் தெரிந்தவன் மட்டும்தான் கரையில் இருப்பான். இது எனக்குப் பரீட்சைக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்தும் திரும்பினேன்.

தேர்வை இரண்டு தடவைதான் எழுதலாம். இரண்டாவது தடவை 1981 டிசம்பர் 12, சனிக்கிழமை. நான் வெளியுறவு அமைச்சகத்தில் கீழ்நிலைக் குமாஸ்தா. பெர்ன் தூதரகத்தில் ஒரு குமாஸ்தா இடம் மார்ச்சில் காலியாகிறது. ஜெர்மன் சான்றிதழ் வைத்திருப்பவர்களின் பெயர் மட்டுமே பட்டியலில் ஏறும். சான்றிதழ் இல்லாவிட்டால் நான் ஓய்வு பெறும்வரை வெளிநாட்டுக் கடிதங்களுக்கு உறை எழுதிக்கொண்டிருப்பேன். உறைகளில் மட்டும் நான் எல்லா ஊருக்கும் போய்வந்திருக்கிறேன்.

வகுப்பு எடுத்த திருமதி கெல்லர் பெர்ன்காரர். அவர் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் அரைப் பக்கம் டைரி: 'இன்று நான் பெர்னில் எங்கே நடந்தேன்?' மற்றவர்கள் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது முடியவில்லை. நடக்காமல் நடந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது தவறான தகவல். சர்வீஸ் விதிகளில் இதற்கு இடமில்லை. இந்த விதி சுவிட்ஸர்லாந்துக்குப் பொருந்துமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொருந்தாது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பெர்னைக் கிட்வாய் நகரின் மேல் விரித்தேன்.

நான் குடியிருந்தது தில்லியில் அரசாங்க ஊழியர் காலனியான கிட்வாய் நகரில். ஏகாம்பரம் அண்ணாச்சியின் குவார்ட்டர்ஸில், பின்முற்றத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அண்ணாச்சி வேறொரு அமைச்சகத்தில் மேல்நிலைக் குமாஸ்தா, காஞ்சிபுரத்துக்காரர். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கூடுதலாகக் கூரை இறக்கக் கூடாது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் எஸ்டேட் ஆபீஸுக்குத் தெரிவிக்காமல் வெளி ஆளை வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டு கூடாதுகளுக்கும் நடுவில் என் கட்டில் கிடந்தது.

ரிங் ரோடு பஸ் ஸ்டாப்பை ரயில் நிலையமாக வைத்துக்கொண்டேன். பெர்னில் இரண்டு அடி என்றால் இங்கே ஓர் அடி. அங்கேயிருந்து நேர் தெரு. முதலில் சிறைக் கோபுரம்: அதற்கு ரேஷன் கடை. அதன் வலதுபுறம் பாராளுமன்றம்: அதற்குக் காலனியின் என்கொயரி ஆபீஸ். குழாய் உடைந்தாலும் ஃப்யூஸ் போனாலும் அங்கேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் யோசிப்பார்கள். அடுத்து இடதுபுறம், பிள்ளைகளைப் பிடித்துத் தின்னும் அரக்கன் சிலை வைத்த நீரூற்று ஒன்று பெர்னில் இருக்கிறது. அதற்கு டிஸ்பென்சரி பொருத்தமாக இருந்தது. காலையில் ஊசிபோடும் நேரத்தில் சத்தமும் கிடைத்தது. மணிக்கூண்டுக்குத் தண்ணீர் டேங்க். பெர்னில் மணி அடிப்பதற்கு நாலு நிமிடம் முன்பு கடிகாரத்தில் பொம்மைகள் நகரும், ஊர் பார்க்கிறவர்கள் அண்ணாந்து நிற்பார்கள். ஆகவே நானும் தினமும் ஏழு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது டேங்க்கின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஆறு, காலனிக்குப் பின்னால் போகும் சாக்கடை நாலா. பாலம், அதன் மேல் இருந்த சின்னப் பாலம். கரடிக்குழிக்குப் பாலத்தைத் தாண்டியதும் கம்பி வேலி போட்ட டிரான்ஸ்ஃபார்மர். எட்டிப் பார்க்கலாம், உள்ளே இறங்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

மீதி இருந்தது நடைபாதைகள். பெர்னின் முக்கியமான விசேஷம் அதுதான். பெரிய தெருக்களின் இரண்டு பக்கமும் வீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது. மழையிலும் குடையில்லாமல் ஊரைச் சுற்றலாம். அதன் கீழே கடைகள். ஜூனில் நான் குழம்பியது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் எல்லாக் கூரையும் ஒரே மாதிரிக் கோடு. கிட்வாய் நகரில் வீடுகளின் முன்னால் கூரை என்றால், அவரவர் விதியை மீறி இறக்கிக்கொண்ட கூரைகள்தான். நிறையவே இருந்தன. மணிக்கூண்டுக்கும் பாலத்துக்கும் நடுவில் இடதுபுறம் இருபத்து மூன்று, வலதுபுறம் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அகலத்தைக் காலடியால் அளந்து, தகரமா ஆஸ்பெஸ்டாஸா என்று பார்த்து, கீழே என்ன இருக்கிறது என்பதையும், பெர்னில் அந்த இடத்தில் என்ன கடை என்பதையும் நோட்டில் எழுதினேன். உதாரணமாக, 'இடது 11: ஒன்பது அடி, தகரம், கீழே ஸ்கூட்டர், கடிகாரக் கடை.' 'வலது 8: பன்னிரண்டு அடி, தகரம், கீழே ஒரு கட்டில், புத்தகக் கடை.' வலது எட்டு என்பது பக்கவாட்டுச் சந்திலிருந்து தெரியும் எங்கள் பின்முற்றத்துக் கூரை, என் அறை. அதை மட்டும் விட்டால் கணக்குச் சரியாக வராது.

நவம்பரில் குளிர் வந்தது. அண்ணாச்சியின் மனைவி சாந்தகுமாரி அக்கா, ராணுவத்தில் இருக்கும் தன் தம்பி விட்டுப்போன காக்கிக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். "பாஷை படிக்கப் போய்ட்டு மார்ல சளி கட்டிக்கினு வராத" என்றார். குரங்குக் குல்லா என்னிடமே இருந்தது. காலை ஆறே காலுக்குக் கிளம்பி, ஒவ்வொரு கூரையின் முன்பும் நின்று, மேலே பார்த்து, கீழே பார்த்து, அதன் ஜெர்மன் வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிவிட்டு நகர்வேன்.

ஒருநாள் நடை முடிந்து கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பால் பூத்துக்குப் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் பாப்பம்மாள் நின்றிருந்தார். கோயமுத்தூர்க்காரர், டேங்க் பக்கத்து வரிசையில் வீடு. யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் வந்தானுங்க அந்த ஆளு. காக்கிக் கோட்டு, மூஞ்சி தெரியாத குல்லா. எங்கூட்டு முன்னால நின்னு மேல பாக்கறான், கீழ பாக்கறான், எழுதிக்கிறான். வாய்க்குள்ளயே என்னமோ சொல்றான்."

"இந்தியிலயா?"

"இந்தி எனக்குத் தெரியாதுங்களா? பதினாறு வருசமா காய்காரன்கூடச் சண்டை போடறேன். அது இந்தி இல்லீங்க. இங்கிலீசும் இல்ல. ஏதோ டிபார்ட்மெண்ட் பாஷை."

"அடுத்த வருஷம் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வருதே. ஊரைச் சுத்தம் பண்றான். பக்கா சர்வே."

சர்வே வந்தால் முதலில் போவது என் அறை. பரீட்சைக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் சொன்னேன். கேட்ட விவரங்களை நோட்டில் குறித்திருந்தேன். அதைப் பார்த்தே படித்தேன்.

"இன்னா தம்பி சொல்ற? எதுவரைக்கும் வந்துகிறான்?"

"டேங்க் வரைக்கும்னு சொல்லுதாங்க அண்ணாச்சி."

"டேங்க்குக்கு அப்புறம் நம்ம லைன்தானே!"

சாந்தகுமாரி அக்கா உள்ளேயிருந்து, "வந்தா வரட்டும். தம்பி என் சித்தி பையன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

"உன் சித்திக்குப் பையனே கிடையாதேடி."

"எனக்கு எத்தினி சித்தின்னு எஸ்டேட் ஆபீஸ்ல ரெஜிஸ்டர் போட்டு வெச்சிருக்கானா?"

"கூரைக்கு இன்னா சொல்லுவ? அதுவும் சித்தி பையனா?"

அந்த சர்வே ஆளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மூன்று நாள் கவனமாக இருந்தேன். அவன் நடக்கும் தெருவில்தான், அவன் நடப்பதாகச் சொன்ன நேரத்தில்தான், நானும் நடந்தேன். கண்ணில் படவே இல்லை. என் கவனிக்கும் திறமையில் எனக்கு முன்பே சந்தேகம் உண்டு. அதை டைரியிலும் எழுதினேன்.

நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, இடது 4, 5, 6 இல்லை. வீட்டுக்காரர்களே இரவோடு இரவாகப் பிரித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, பாலாடைக்கட்டிக் கடை மூன்றின் மேலும் வெறும் வானம். வெள்ளிக்கிழமை வலதுபுறம் ஏழு கூரைகள் போயின. அன்றைய வீட்டுப்பாடத்தில், 'இன்று கடைவீதியில் ஏழு கூரைகள் காணவில்லை' என்று ஜெர்மனில் எழுதினேன். நடந்ததை எழுத வேண்டும் என்பதுதானே பாடம். திருமதி கெல்லர் சிவப்பு மையில், 'இலக்கணம் சரி. பெர்னில் 1405-ஆம் வருஷத்துப் பெரிய தீக்குப் பிறகு இப்படி நடந்ததில்லை' என்று குறித்தார்.

என் கஷ்டம் அவருக்குப் புரியவில்லை. வாக்கியங்களை நான் கூரைகளின் மேல் வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். கூரை போனால் வாக்கியமும் போயிற்று. நவம்பர் கடைசியில் மணிக்கூண்டிலிருந்து பாலம் வரை நடந்தால், நடுவில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடி ஆறு தெரிய ஆரம்பித்தது.

டிசம்பர் 3-ஆம் தேதி அண்ணாச்சி என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, நாப்பத்தோரு கூரை பிரிச்சிட்டாங்க. நம்மளது ஒண்ணுதான் நிக்குது. அது தனியா நின்னா இன்னும் நல்லாத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆளு வரச் சொல்லிக்கிறேன், பிரிக்க."

"அடுத்த சனிக்கிழமை பரீட்சை அண்ணாச்சி. ஆறு நாளு. அதுக்குப் பொறவு நானே பிரிச்சுத் தாரேன்."

"ஆறு நாள்ல அவன் ரிப்போர்ட் எழுதிட்டான்னா? குவார்ட்டர்ஸ் போச்சுன்னா நான் புள்ளைங்களைக் கூட்டிக்கினு உன் ஸ்விட்ஸர்லாந்துக்கா வரது?"

இன்னொரு காலனியான மோதி பாகில் தெரிந்த ஒருவர் வீட்டு வராந்தாவில் ஒரு வாரம் படுக்கலாம் என்று சொல்லியிருந்தார். பெட்டியைக் கட்டினேன். ஆனால் அங்கே போனால் நடக்க பெர்ன் கிடையாது. மோதி பாகின் தெருக்கள் எனக்குப் புதிது. ஆறு நாளில் இன்னொரு தலைநகரம் கட்ட முடியாது.

டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக ஒருமுறை முழுவதும் நடந்துவிடலாம் என்று கிளம்பினேன். பனிமூட்டம். சிறைக் கோபுரம், பாராளுமன்றம், அரக்கன், எல்லாம் சரியாக வந்தன. ஏழு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது டேங்க்கின் அடியில் அண்ணாந்து நின்றேன். தலையைக் கீழே இறக்கியபோது என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் காலனி சங்கத்தின் செயலாளர் வெங்கடேஸ்வரன், கையில் ஃபிளாஸ்க்குடன். தஞ்சாவூர்க்காரர், ஆடிட் ஆபீஸில் சூப்பரிண்டெண்டெண்ட்.

"நமஸ்காரம். கார்த்தால பனியிலே இப்படி நிக்கறேளே. ஒரு வாய் காபி சாப்பிடுங்கோ."

வாங்கிக்கொண்டேன். நல்ல காபி. பாப்பம்மாள் ஒரு தட்டில் இட்லி நீட்டினார்.

"நீங்க உங்க கடமையைச் செய்யறேள். நாங்க தப்பே சொல்லலே," என்றார் வெங்கடேஸ்வரன். "இன்னும் எத்தனை நாள் அவகாசம்னு மட்டும் சொல்லிட்டா உபகாரமா இருக்கும்."

என் பரீட்சையைப் பற்றி இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டேன். "சனிக்கிழமை வரைக்கும்தான் சார்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு போயிற்று.

"யார் வந்து பார்ப்பா?"

"ஒரு ஸ்விஸ்காரர்."

"கேட்டேளா! ஏஷியாட்டுக்கு வெளிநாட்டுக்காரனை வெச்சிருக்கான்."

பின்னால் நின்றிருந்த யாரோ முன்னால் வந்தார். ஏகாம்பரம் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்தார்.

"இது எங்க மச்சான் கோட்டுப்பா!"

குல்லாவைக் கழற்றினேன். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. பால் பூத்தில் குறித்துக்கொண்ட விவரங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன: கோட்டு, குல்லா, நோட்டு, புரியாத பாஷை. நாலுமே சரியாக இருந்தன.

"நீயா?" என்றார் அண்ணாச்சி. "சர்வே ஆளு வந்துட்டான் வந்துட்டான்னு என்கிட்ட வந்து சொன்னதும் நீதானடா?"

"ஆமா அண்ணாச்சி. நான்னு எனக்குத் தெரியல."

வெங்கடேஸ்வரன் நோட்டைப் பிடுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இடது, பதினொண்ணு. ஒன்பது அடி, தகரம், கீழே ஸ்கூட்டர்." நிமிர்ந்தார். "இது என் ஸ்கூட்டர். இது என் கூரை. பதினாலு வருஷமா இருந்த கூரை. இதை எதுக்கய்யா எழுதி வெச்சிருக்கீர்?"

"அது கடிகாரக் கடை சார். பெர்ன்ல."

"எங்கே?"

"ஸ்விட்ஸர்லாந்து. தலைநகரம்."

"என் வாசல்லயா?"

நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பாப்பம்மாள் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சர்க்கார் ஆட்கள் எப்போதும் ஏதாவது கதை சொல்வார்கள் என்று ஒருவர் சொன்னார். அவரும் சர்க்கார் ஆள்தான். கடைசியில் வெங்கடேஸ்வரன், "அப்படின்னா நடந்து காட்டும். எங்களை அந்த ஊருக்கு அழைச்சுண்டு போம். ஒரு இடத்துல முழிச்சாலும், நேரே உம்ம ஆபீஸுக்கு எழுதிப் போட்டுடுவேன்" என்றார்.

மறுபடி பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஜெர்மனில் சொல்லி, பிறகு தமிழில் சொன்னேன். சிறைக் கோபுரத்தில் ஒருவர், கைதிகளுக்கு என்ன ரேஷன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன், தெரியாததைத் தெரியாது என்று சொன்னது அவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது போலிருந்தது. பாராளுமன்றம் என்று என்கொயரி ஆபீஸைக் காட்டியதும், "அங்கேயும் புகார் நோட்டு உண்டா?" என்றார்கள். டிஸ்பென்சரி முன்னால், "புள்ளைங்களைத் திங்கற சிலையை எதுக்குங்க நடு ஊர்ல வெச்சிருக்காங்க?" என்று பாப்பம்மாள் கேட்டார். ஏன் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே நிச்சயமில்லை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. "அப்ப நம்ம ஊரு மாதிரித்தானுங்க" என்றார்.

மணிக்கூண்டுக்குப் பிறகுதான் எனக்குப் பயம். இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தது. ஆனால் இப்போது கூரைக்காரர்களே கூட நடந்தார்கள். "இது நாலாவது, என்னுது, என்ன கடை?" என்று ஒருவர். "ரொட்டிக் கடை." "அட, எங்க வீட்ல என்ன?" என்று அடுத்தவர். "மருந்துக் கடை." "வலது பக்கம் என்னுது?" என்று இன்னொருவர். "கீழே நிலவறை, அதிலே சின்ன நாடகக் கொட்டகை." அவர் மனைவியிடம் சொல்லக் கொஞ்ச தூரம் பின்தங்கினார். பதினோராவது வந்ததும் வெங்கடேஸ்வரன் நின்றார். "கடிகாரக் கடைன்னு சொன்னீரே. நல்ல கடைதானே?" "நூறு வருஷத்துக் கடை சார்." அவர் தன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

ஒருவரையும் ஆற்றில் இறக்கவில்லை. பாலம் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மர் வேலியருகே போய் நின்று, "இங்கே கரடி" என்றேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது வெங்கடேஸ்வரன் என்னிடம், "நாப்பத்தோரு கூரை போயிருக்கு ஓய், உம்மாலே. பாஸாவது பண்ணும். ஃபெயிலாகிண்டு வந்து நின்னீர்னா அப்புறம் தெரியும்" என்றார்.

தகரம் பிரிக்க வந்த ஆளை அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அக்கா மட்டும், "கோட்டை நான் குடுத்தேன். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?" என்று பொதுவாகச் சுவரிடம் சொன்னார்.

டிசம்பர் 12. அதே அதிகாரி. ஜூனில் நனைந்ததை அவர் மறந்திருக்கவில்லை. கால்சராயை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கிளம்பினோம். கோபுரம், பாராளுமன்றம், அரக்கன், மணிக்கூண்டு. அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிறகு நேர்த்தெருவில் பாதி தூரம் போனதும், "மழை பிடித்துக்கொண்டது. எங்கே ஒதுங்கலாம்?" என்றார்.

இதற்கு விடை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் கூரை போட்ட நடைபாதை, எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கலாம். எனக்கும் தெரியும். ஆனால் மனத்துக்குள் இடதுபுறம் பார்த்தேன், வெறும் வானம். வலதுபுறமும் அப்படியே. அவர் நனைந்துகொண்டிருந்தார். நான் முந்தின நாள்வரை நடந்து பார்த்த தெரு அது. இல்லாத கூரையை இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

"வலதுபுறம் எட்டாவது," என்றேன். "அங்கே ஒரு கூரை இருக்கிறது. நான் குடியிருக்கும் இடம். உள்ளே வாருங்கள். ஒரு கட்டில்தான் உண்டு. நீங்கள் உட்காருங்கள், நான் நிற்கிறேன்."

அவர் பேனாவை எடுத்தார், எழுதவில்லை. "மற்ற கூரைகள்?"

"போன மாதம் வரை இருந்தன. குடியிருப்பவர்களே பிரித்துவிட்டார்கள்."

"எதனால்?"

"ஒருவன் தினமும் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தான். அதனால் பயந்துவிட்டார்கள்."

"அவன் யார்?"

"நான்தான். எனக்கும் கடைசியில்தான் தெரிந்தது."

திருமதி கெல்லர் மூலையில் உட்கார்ந்திருந்தார்; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கொஞ்ச நேரம் என் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார். பிறகு, "மழை விட்டுவிட்டது. போகலாமா?" என்றார். பாலத்தைத் தாண்டினோம். கரடிக்குழியில், "கரடிகள் என்ன செய்கின்றன?" என்றார். "ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருக்கின்றன. வேலியைத் தொட வேண்டாம்" என்றேன்.

முடிவு பத்து நாளில் வந்தது. நூற்றுக்கு அறுபத்து நான்கு, தேர்ச்சி. குறிப்பில், 'நகரத்தில் குடியிருப்பவர் போலப் பேசுகிறார். இறந்தகாலம் சிறப்பு. கட்டடங்களைப் பற்றிய தகவலில் பிழை உண்டு' என்றிருந்தது. என் பெயர் பட்டியலில் மூன்றாவதாக ஏறியது. முதல் இருவரில் ஒருவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டார்கள். இன்னொருவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

சர்வே இல்லை என்று ஆனதும், பொங்கலுக்குள் கிட்வாய் நகரில் கூரைகள் திரும்ப ஏற ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் பழைய கூரையைவிட ஓர் அடியாவது கூடுதல். பக்கத்து வீடுகளுக்குள் சண்டை வந்தது. இவருடைய கூரை என் ஜன்னல் வரைக்கும் எப்போது இருந்தது என்று அவர். எப்போதும் இருந்தது என்று இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெங்கடேஸ்வரனே என் அறைக்கு வந்தார். இந்தத் தடவை ஃபிளாஸ்க் இல்லை.

"அந்த நோட்டு இருக்கோ?"

இருந்தது. காலனியில் பழைய அளவு எழுதியிருந்த ஒரே ஆவணம் அதுதான். என்னை ஒவ்வொரு வாசலுக்கும் அழைத்துப் போனார்கள். நான் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்: "இடது ஐந்து, மருந்துக் கடை, ஏழு அடி." "இடது ஆறு, பாலாடைக்கட்டி, எட்டு அடி." ஏழு என்று படித்தால் ஒருவர் முகம் சுருங்கும், இன்னொருவர், "சுனா ஆப்னே? கேட்டீங்களா, நோட்டில் இருக்கு" என்பார். என் காலடி சரியான ஓர் அடிதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூரை பன்னிரண்டு அடிக்கு ஏறிக்கொண்டிருந்த பதினோராவது வாசலில் நான் கொஞ்சம் தயங்கினேன்.

"படியும் ஓய்," என்றார் வெங்கடேஸ்வரன்.

"ஒன்பது அடி, சார்."

அவர் ஏணியில் நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தார். "மூணு அடி வெட்டுப்பா. ஜல்தி." பிறகு என்னிடம், நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டுக் கையெழுத்தும் போடச் சொன்னார். ஆடிட் ஆபீஸ்காரர். போட்டேன். நடந்த பிறகு போடுகிற கையெழுத்து, அதில் தவறில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உனக்கு ஆர்டர் வந்து நீ போயிட்டன்னா, அந்த நோட்டை இன்னா பண்ணுவ?"

"கொண்டு போவேன் அண்ணாச்சி. பெர்ன் முழுக்க அதுலதானே இருக்கு."

"அங்க போனா ஊரே இருக்குமே. நோட்டு எதுக்கு? இங்க வெச்சிட்டுப் போ. சங்கத்துல கேக்கறாங்க."

இதை நான் யோசித்திருக்கவில்லை. அங்கே கூரைகள் எல்லாம் இருக்கும், எண் மட்டும் இருக்காது. மணிக்கூண்டைத் தாண்டி இடதுபுறம் பதினோராவது கூரையின் கீழ் உண்மையில் கடிகாரக் கடைதான் இருக்குமா என்றும் தெரியவில்லை. ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன், மூல நோட்டு இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

"அச்சா," என்றார் அண்ணாச்சி. எழுந்து வாசல்வரை போனவர், மேலே தகரத்தைப் பார்த்தார். "நம்மளது எத்தினி அடின்னு போட்டுகிற?"

"பன்னிரண்டு."

"பதிமூணு இருக்கும்போலத் தோணுதே."

சேர்ந்து அளந்தோம். பன்னிரண்டுதான்.